விதியில் இல்லாத நான்காமவர்: மின்பணியாளர் உரிமமும் ஐந்தாண்டு அனுபவமும்

1. சட்டம் குறிப்பிடும் மூவர்

இந்தியாவில் ஒரு கட்டடத்தின் மின்னமைப்பில் யார் கைவைக்கலாம் என்பதை 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45ஆம் விதி வரையறுத்தது. புதிய வயரிங், கூடுதல் இணைப்பு, மாற்றம், பழுது என எதுவானாலும் மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே அதை எடுத்துச் செய்ய வேண்டும். தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர் நேரில் கண்காணிக்க வேண்டும். வேலை செய்பவரிடம் அரசு வழங்கிய அல்லது ஏற்றுக்கொண்ட அனுமதிச் சான்று இருக்க வேண்டும். விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை அமைப்பின் திறனும் தன்மையும் மாறாதபடி மாற்றிப் பொருத்துவதற்கு மட்டும் விலக்கு உண்டு. விதியை மீறிச் செய்த வேலைக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது என்றும் அதே விதி சொன்னது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் வந்தபின் மத்திய மின்சார ஆணையம் 2010இல் பாதுகாப்பு விதிமுறைகளை வெளியிட்டது. 2023இல் அவற்றுக்குப் பதிலாகப் புதியவை வந்தன. ஒப்பந்ததாரர், மேற்பார்வையாளர், பணியாளர் என்ற மூவர் அமைப்பு இவற்றிலும் தொடர்கிறது.

பொறுப்பு முழுவதும் ஒப்பந்ததாரரின் கையொப்பத்தில் குவிகிறது. சுவரைத் திறந்து வயரைத் தொடுபவரோ மூன்றாமவர். அவர் அந்த நிலைக்கு எப்படி வந்து சேர்கிறார், அவரிடம் கேட்கப்படும் பயிற்சியும் அனுபவ ஆண்டுகளும் எதை உறுதிசெய்கின்றன என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி. உரிமம் பற்றிய பேச்சில் அனுபவ ஆண்டுகள் பெரும்பாலும் திறமைக்கு நிகராகவே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அந்த நிகர் எந்த அளவு செல்லும் என்பது கூர்ந்து பார்க்க வேண்டிய ஒன்று.

2. தமிழ்நாட்டில் இரண்டு வாசல்கள்

தமிழ்நாட்டில் உரிமங்களையும் தகுதிச் சான்றுகளையும் தருவது மின் உரிமம் வழங்கும் வாரியம். ஒப்பந்ததாரர் உரிமங்கள் தரம் பிரிக்கப்பட்டவை. மேற்பார்வையாளர் சான்றுக்கு மின்பொறியியலில் பட்டமோ பட்டயமோ, அதன்மேல் களப்பணி அனுபவமும் வேண்டும். வீட்டு வயரிங்கில் நேரடியாக ஈடுபடுவோருக்கு வயர்மேன் சான்றும் வயர்மேன் உதவியாளர் சான்றும் இருக்கின்றன.

இந்தச் சான்றுகளை நோக்கிய முதல் வாசல் தொழிற்பயிற்சி நிலையம், அதாவது ஐ.டி.ஐ. 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் எலக்ட்ரீஷியன், வயர்மேன் என இரண்டு தனிப் பிரிவுகள் நடக்கின்றன. இரண்டும் ஈராண்டுப் படிப்புகள். எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர அறிவியலும் கணிதமும் படித்துப் பத்தாம் வகுப்பில் தேறியிருக்க வேண்டும். வயர்மேன் பிரிவுக்கு எட்டாம் வகுப்பு போதும். 2022இல் திருத்தப்பட்ட பாடத்திட்டத்தின்படி எலக்ட்ரீஷியன் மாணவருக்கு ஆண்டுக்கு 840 மணி நேரம் செய்முறை, 240 மணி நேரம் தொழிற்பாடம். இவற்றோடு 150 மணி நேரம் பணியிடப் பயிற்சி அல்லது குழுத் திட்டப்பணி. பாடத்திட்டம் அகலமானது. பேட்டரி, மோட்டார் வைண்டிங், டிரான்ஸ்பார்மர், கட்டுப்பாட்டுப் பலகை, அடிப்படை மின்னணுவியல் எல்லாம் அதில் உண்டு. வீட்டு வயரிங் அவற்றுள் ஒரு பகுதி. நாட்டின் தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டியிருந்த காலத்தில் உருவான திட்டம் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. படித்து வெளிவருபவரின் பார்வையும் ஆலைப் பராமரிப்பு வேலையையே நோக்கியிருக்கிறது.

இரண்டாம் வாசல் வேறு வகையானது. வயர்மேன் உதவியாளர் சான்றுக்காக வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு அது. மின் வயரிங் தொழிலில் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவமும் 21 வயது நிறைவும் கேட்கப்படுகின்றன. உச்ச வயது வரம்பு இல்லை. பள்ளியை விட்டு நின்று, உறவினரோ ஊர்க்காரரோ கைபிடித்து அழைத்துவந்து, ஹெல்பராகத் தொழிலுக்குள் நுழைந்தவருக்கு இந்தத் தேர்வு திறந்திருக்கிறது. நாற்பது வயதிலும் ஒருவர் சான்று பெற முடிகிறது என்பது இந்த ஏற்பாட்டின் பெருமை. படிப்புச் சான்றை மட்டுமே அளவுகோலாக வைத்திருந்தால் தொழிலின் பெரும்பகுதியைச் சுமப்பவர்கள் நிரந்தரமாக வெளியே நின்றிருப்பார்கள்.

இந்த இரண்டாம் வாசலில்தான் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. வேலை செய்பவரிடம் அனுமதிச் சான்று இருக்க வேண்டும் என்கிறது விதி. அந்தச் சான்றுக்கான தேர்வை எழுத ஐந்து ஆண்டு வேலை செய்திருக்க வேண்டும் என்கிறது தகுதி நிபந்தனை. இரண்டையும் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால், அந்த ஐந்து ஆண்டுகள் அனுமதிச் சான்று இல்லாமல் கழித்த ஆண்டுகளாகவே இருக்க முடியும். சான்று பெற்றவர் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக்கொடுத்ததையே அனுபவமாகக் கொள்ளலாம் என்று இதற்குப் பொருள் சொல்லலாம். அப்படியானால் வயரைத் தொடாமல் ஐந்து ஆண்டு நின்றவர் என்ன கற்றார் என்ற கேள்வி எழும். விதியில் ஒப்பந்ததாரருக்கும் மேற்பார்வையாளருக்கும் சான்று பெற்ற பணியாளருக்கும் இடம் இருக்கிறது. தொழில் பழகிக்கொண்டிருப்பவர் என்ற நான்காமவருக்கு அதில் பெயர் இல்லை. கீழே வரும் குறைகளில் பல இந்த ஒரு விடுபடலிலிருந்தே கிளைக்கின்றன.

3. களம் கற்பிப்பவை

ஆண்டுக்கணக்கில் அனுபவம் கேட்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. பயிற்சிக்கூடத்தில் மரப்பலகை மேல் செய்யும் இணைப்பு, கண்ணுக்கு நேராக, வெளிச்சத்தில், மின்சாரம் இல்லாத நிலையில் செய்யப்படுகிறது. கட்டடத்தில் அப்படி எதுவும் அமைவதில்லை. கான்கிரீட் போடுவதற்கு முன்பே ஸ்லாபில் பைப்பும் ஃபேன் பாக்ஸும் பதிக்க வேண்டும். கம்பி கட்டுபவரோடும் சென்ட்ரிங் ஆட்களோடும் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பைப்பில் சிமெண்ட் பால் இறங்கினால் பிறகு அந்த வழியில் வயர் போகாது. சுவரில் எங்கே காடி வெட்டலாம், தூணையும் பீமையும் ஏன் தொடக் கூடாது, எத்தனை வளைவுக்குப் பின் வயர் இழுபடாமல் சிக்கும் என்பவற்றை ஒரு பாடநூல் சொல்லிவிடலாம். கை அதைப் பழகப் பல வேலைகள் வேண்டும்.

பழைய வீடுகள் இன்னும் கடினமான பள்ளி. காப்புறை பொடிந்த வயர், பலமுறை பலர் கைவைத்துக் குழம்பிய இணைப்புகள், இரண்டு சர்க்யூட்டுகளுக்குப் பொதுவாக ஓடும் நியூட்ரல், வரைபடமே இல்லாத மாடி என்று அங்கே எதிர்கொள்பவை எந்தப் பாடத்திட்டத்திலும் முழுதாக அடங்காதவை. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்த பிறகும் சில வயர்களில் மின்சாரம் இருக்கும். அதை எதிர்பார்த்து ஒவ்வொரு வயரையும் சோதித்த பிறகே தொடும் பழக்கம், அனுபவசாலி ஒருவர் தினமும் அப்படிச் செய்வதைப் பார்த்தே படிகிறது. தொழிலின் இந்தப் பகுதிக்குக் காலம் தேவை. அதைக் குறுகிய பயிற்சி முகாம்களால் ஈடுசெய்ய முடியும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு.

4. காலம் மட்டும் கற்பிக்காதவை

இருந்தும் மின்வயரிங்குக்கு மற்றக் கட்டடத் தொழில்களில் இல்லாத ஓர் இயல்பு உண்டு. கொத்தனார் தூக்குக்குண்டு பார்க்காமல் எழுப்பிய சுவர் அன்றைக்கே கோணலாகத் தெரியும். பிளம்பர் சரியாக முடுக்காத இணைப்பு தண்ணீர் திறந்ததும் ஒழுகும். வயரிங்கில் தவறாகச் செய்த வேலையும் விளக்கை எரியவைக்கும். சுவிட்சை பேஸில் வைக்காமல் நியூட்ரலில் வைத்தாலும் விளக்கு எரிந்து அணைகிறது. ஆனால் அணைத்த நிலையிலும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கிறது. எர்த் வயர் இணைக்காத கிரைண்டர் ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. ஏசிக்குப் போட்ட மெல்லிய வயரும், பாக்ஸுக்குள் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பும் முதல் கோடையைத் தாண்டிவிடுகின்றன. தவறு செய்தவருக்கு அது தவறு என்று சொல்ல எதுவும் நிகழ்வதில்லை. விபத்து நேரும்போது அவர் பல தெருக்கள் தாண்டி வேறு வீட்டில் வேலை செய்துகொண்டிருப்பார்.

அனுபவம் திறமையாக மாறுவதற்குச் செய்ததன் விளைவு செய்தவருக்குத் திரும்பி வர வேண்டும். அது வராத தொழிலில் ஆண்டுகள் கூடக்கூட உறுதிப்படுவது பழக்கமே; அந்தப் பழக்கம் பிழையானதாகவும் இருக்கலாம். ஒரு ஹெல்பர் ஐந்து ஆண்டும் காடி வெட்டிப் பைப் பதித்தே கழித்திருக்கலாம். இன்னொருவர் முதல் ஆண்டிலேயே டிபி பாக்ஸ் என்ற மின்பகிர்வுப் பெட்டியைக் கட்டப் பழகியிருக்கலாம். இருவரின் அனுபவச் சான்றிலும் இருக்கும் எண் ஒன்றே.

கண்ணுக்குத் தெரியாத பிழையைத் தெரியவைக்கும் வழி சோதனை. 1956ஆம் ஆண்டு விதிகளே, வயருக்கும் தரைக்கும் இடையில் 500 வோல்ட் அழுத்தத்தை ஒரு நிமிடம் செலுத்தினால் காப்புத்தடை குறைந்தது 1 மெகாஓம் இருக்க வேண்டும் என்று அளவு வைத்தன. மெக்கர் என்ற கருவி அதற்குத்தான் இருக்கிறது. டெஸ்டர் ஸ்குரூடிரைவரோடு வேலையைத் தொடங்கி அதோடே முடிக்கும் சூழலில் வளர்ந்தவர், எத்தனை ஆண்டு உழைத்தாலும் மெக்கரைக் கையிலெடுக்காமலே இருந்துவிடலாம்.

ஆர்சிசிபி இன்னும் தெளிவான சான்று. 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் இந்தக் கருவியைப் பொருத்தியதும், அதுவரை மறைந்திருந்த பிழைகள் வெளிவருகின்றன. நியூட்ரலும் எர்த்தும் எங்கோ தொட்டுக்கொண்டிருந்தால் அது அடிக்கடி விழும். காரணத்தைத் தேடப் பழகிய வயர்மேனுக்கு அது ஆசிரியர். பழகாதவருக்கு அது தொல்லை. அதைத் தாண்டி நேராக வயர் கொடுத்துவிடுகிறார், வீட்டுக்காரரும் நிம்மதியடைகிறார். கருவி சொல்லிய பாடத்தை வாங்கிக்கொள்ள அடிப்படைக் கோட்பாடு தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கோட்பாட்டைத் தருவது வகுப்பறை. ஐந்தாண்டு அனுபவ வாசலில் வகுப்பறைக்குக் கட்டாயமான இடம் இல்லை என்பது அதன் பெரிய குறை.

5. பிற நாடுகளின் கணக்கு

நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்தால் ஐந்து ஆண்டு என்பது 12,000 மணி நேரம். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் மாஸ்டர் எலக்ட்ரீஷியன் என்ற உயர்நிலை உரிமத்துக்குக் கேட்பதும் 12,000 மணி நேரமே. அதற்கு முந்தைய படியான ஜர்னிமேன் உரிமத்துக்கு அங்கே 8,000 மணி நேரம். வீட்டு வயரிங் மட்டும் செய்வதற்கான தனி உரிமத்துக்கு 4,000 மணி நேரம். ஒரு நாட்டில் தொழிலின் உச்சிக்குப் போதுமான காலம், இன்னொரு நாட்டில் உதவியாளர் தேர்வுக்கு உட்காரும் தகுதியாக இருக்கிறது. தமிழ்நாட்டுத் தொழிலாளி கற்பதில் மந்தமானவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வேறுபாடு மணிகளை எண்ணும் முறையில் இருக்கிறது. டெக்சஸில் பழகுநரும் உரிமம் பெற்றே வேலைக்கு வர வேண்டும். 16 வயதானவர் அதற்கு விண்ணப்பிக்கலாம். அவருடைய மணி நேரங்கள் மாஸ்டர் எலக்ட்ரீஷியன் ஒருவரின் மேற்பார்வையில் கழிந்தவையாக இருக்க வேண்டும். எண்ணிக்கை முதல் நாளிலிருந்து ஓடுகிறது. எண்ணுவதற்குப் பொறுப்பானவர் யார் என்பதும் தெரிகிறது.

மாசச்சூசெட்ஸ் மாநிலம் 8,000 மணி நேரக் களப்பணியோடு 600 மணி நேர வகுப்பையும் கேட்கிறது. அமெரிக்கக் கூட்டரசின் பழகுநர் விதிகள் ஆண்டுக்கு 144 மணி நேர வகுப்பைப் பரிந்துரைக்கின்றன. 2008இல் அவை திருத்தப்பட்டபோது, காலத்தை எண்ணும் வழியோடு, திறனை அளக்கும் வழியும் இரண்டும் கலந்த வழியும் ஏற்கப்பட்டன. காலக்கணக்கு மட்டும் போதாது என்பதை அதைப் பல பத்தாண்டுகள் பின்பற்றிய அமைப்பே ஒப்புக்கொண்டது கவனிக்கத்தக்கது. அமெரிக்கா முழுவதும் ஒரே ஒழுங்கு என்றும் எண்ணிவிடக் கூடாது. பென்சில்வேனியாவில் மாநில அளவிலான எலக்ட்ரீஷியன் உரிமமே இல்லை. அந்தப் பொறுப்பு உள்ளூர் நிர்வாகங்களிடம் விடப்பட்டிருக்கிறது.

இங்கிலாந்து வேறு திசையில் சென்றது. அங்கே எலக்ட்ரீஷியன் தொழிலுக்குச் சட்டப்பூர்வ உரிமம் கிடையாது. 2005இல் வந்த கட்டட விதிகளின் பி பகுதி வீட்டு மின்வேலையைக் கட்டுப்படுத்துகிறது. தகுதியை முடிவுசெய்வதில் ஏஎம்2 என்ற செய்முறைத் தேர்வுக்கு முக்கிய இடம் உண்டு. ஏறத்தாழ இரண்டரை நாள் நடக்கும் அந்தத் தேர்வில் மின்சாரத்தைப் பாதுகாப்பாகத் துண்டிப்பது, அமைப்பை நிறுவுவது, சோதித்து அறிக்கை எழுதுவது ஆகியவற்றோடு, வேண்டுமென்றே வைக்கப்பட்ட பிழைகளைக் கண்டுபிடிப்பதும் ஒரு பகுதி. மறைந்திருக்கும் பிழையே இந்தத் தொழிலின் ஆபத்து என்பதால், அதைத் தேடும் ஆற்றலை நேரடியாக அளக்கும் இந்த ஏற்பாடு அனுபவ ஆண்டுகளைக் கூட்டுவதைவிடப் பொருத்தமானது.

தமிழர்கள் பலர் மின்பணி செய்யும் சிங்கப்பூரில் உரிமம் மின்சுமையை ஒட்டிப் படிப்படியாக அமைகிறது. கீழ்ப்படியான எலக்ட்ரீஷியன் உரிமத்துக்கு 45 கேவிஏ என்ற வரம்பு உண்டு. ஒருவர் எதைச் செய்யலாம் என்பதோடு எதுவரை செய்யலாம் என்பதும் அங்கே உரிமத்திலேயே தெரிகிறது.

6. உரிமம் உயிரைக் காக்கிறதா?

கடுமையான உரிம நிபந்தனைகள் மீது பொருளியலாளர்களுக்கு நெடுங்காலமாகவே ஐயம் உண்டு. ஆடம் ஸ்மித் 1776இலேயே நீண்ட பழகுநர் காலத்தைத் தேவையற்றது என்று வாதிட்டார். மில்டன் ஃபிரீட்மன் 1962இல், தொழில் உரிமங்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் வருவாயைக் காக்கும் வேலியாகின்றன என்றார். எலக்ட்ரீஷியன்களைப் பற்றியே ஒரு குறிப்பிடத்தக்க ஆய்வு இருக்கிறது. சிட்னி கேரல், ராபர்ட் கேஸ்டன் இருவரும் 1981இல் வெளியிட்ட கட்டுரையில், எலக்ட்ரீஷியன் உரிமக் கட்டுப்பாடு இறுகியிருந்த அமெரிக்க மாநிலங்களில் மின்சாரம் தாக்கி இறப்போர் விகிதம் கூடுதலாக இருப்பதைக் காட்டினர். எலக்ட்ரீஷியன் கிடைப்பது அரிதாகி, கூலியும் ஏறும்போது மக்கள் தாங்களே வேலையைச் செய்துகொள்கிறார்கள் என்பது அவர்களின் விளக்கம்.

இந்த முடிவை இந்தியாவுக்கு அப்படியே பொருத்த முடியாது. இரண்டு அளவுகள் சேர்ந்து நகர்வது ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பதற்குப் போதிய சான்றும் அல்ல. ஆனால் அதன் தர்க்கம் இங்கே வேறு வடிவில் செல்லும். தமிழ்நாட்டு வீட்டுக்காரர் பெரும்பாலும் தானே வயரிங் செய்வதில்லை. சான்று உள்ளவரைத் தேடுவதும் இல்லை. தெருவில் தெரிந்த எலக்ட்ரீஷியனை அழைக்கிறார். புதிய இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் கையொப்பம் தேவைப்படுகிறது; வேலை செய்தவர் ஒருவர், கையெழுத்திடுபவர் வேறொருவர் என்ற நிலை தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் அறிந்தது. வாசல் குறுகினால் ஆள் குறைவதில்லை. சான்றில்லாதவர் பெருகுகிறார், கையொப்பம் வெறும் தாளாகிறது.

விபத்துக் கணக்கும் எளிதான விடை தருவதில்லை. இந்தியாவில் மின்சாரம் தாக்கி ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. அறுந்து விழுந்த மின்கம்பி, வயலில் சட்டவிரோத மின்வேலி, கம்பத்தில் ஏறிய ஊழியர், வீட்டுக் குளியலறையின் ஹீட்டர் எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்குகின்றன. இந்த எண்ணை வைத்து உரிமமில்லா வயர்மேன்களைக் குற்றம் சொல்வோரின் வாதம் பிழையானது. வீட்டு வயரிங்கால் நேர்ந்த மரணங்களைத் தனியாகப் பிரித்து, அங்கே வேலை செய்தவரின் தகுதியையும் பதிவுசெய்யாதவரை, எந்தப் பயிற்சி முறை எத்தனை உயிரைக் காத்தது என்பதை எண்ணால் நிறுவ முடியாது.

7. பயிலுநர் சட்டத்தின் விளிம்பு

தொழில் பழகுபவருக்கு இந்தியச் சட்டத்தில் இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1961ஆம் ஆண்டுப் பயிலுநர் சட்டம் அதற்கென்றே இயற்றப்பட்டது. ஐ.டி.ஐ. முடித்தவர் ஒரு நிறுவனத்தில் உதவித்தொகையோடு பழகி, தேர்வு எழுதித் தேசியப் பயிலுநர் சான்றிதழ் பெறலாம். ஆனால் அந்தச் சட்டத்தின் கண் நிறுவனங்கள் மேலேயே இருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பயிலுநரைச் சேர்ப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் உள்ள இடத்தில் அது விருப்பம். இரண்டு ஹெல்பர்களை வைத்துக்கொண்டு வண்டியில் வயர்ச் சுருளோடு போகும் வயர்மேன் இந்த எல்லைக்கு வெளியே நிற்கிறார். வீட்டு வயரிங்கோ பெரும்பாலும் அவரைப் போன்றவர்களால்தான் நடக்கிறது. ஆலைக்கு ஒரு பயிலுநர் சட்டம் இருக்கிறது, வீட்டுக்கு இல்லை.

2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் வளர்ச்சித் திட்டத்தின் கீழ் முன்னனுபவத்தை மதிப்பிட்டுச் சான்று தரும் ஏற்பாடு வந்தது. கையில் தொழில் இருந்தும் தாளில் ஒன்றும் இல்லாதவர்களுக்கு அது ஓர் அங்கீகாரம். குறுகிய அறிமுகமும் மதிப்பீடும் கொண்ட அந்தச் சான்று, மாநில வாரியம் தரும் தகுதிச் சான்றின் இடத்தை நிரப்புவதல்ல. இரண்டு சான்றுகளும் ஒன்றையொன்று அறியாத இரு வரிசைகளாக நிற்கின்றன.

செய்யக்கூடியது பெரிய சீர்திருத்தம் எதுவும் அல்ல. ஹெல்பராக வேலைக்குச் சேர்பவர் அன்றே வாரியத்தில் பெயரைப் பதிந்துகொள்ளவும், அவர் யாருடைய மேற்பார்வையில் இருக்கிறார் என்று குறிக்கவும் வழி செய்யலாம். ஐந்து ஆண்டு முடிவில் ஒரு கடிதம் வாங்குவதற்குப் பதில், செய்த வேலைகளின் பதிவேடு அவரோடு வளரலாம்: ஸ்லாப் பைப்பிங், டிபி இணைப்பு, எர்த் குழி, பழைய வீட்டில் பிழை தேடல், மெக்கர் அளவு என்று வகைவகையாக, மேற்பார்வையாளரின் கையொப்பத்தோடு. அரசு ஐ.டி.ஐ.களில் நடக்கும் மாலைநேர வயர்மேன் வகுப்பை அந்தப் பதிவோடு இணைத்தால், சோதனை முறைகளும் கோட்பாடும் வேலையோடு வேலையாகக் கிடைக்கும். இவ்வளவும் இருந்தால் காலத்தை ஐந்து ஆண்டிலிருந்து குறைக்கவும் நியாயம் உண்டு.

8. மூத்தவருக்கும் புதிதான வேலை

அனுபவத்தை அளவுகோலாக வைக்கும் எந்த முறையும் ஒன்றை எடுத்துக்கொண்டு தொடங்குகிறது: பழகுபவருக்குப் பக்கத்தில் இருக்கும் மூத்தவருக்கு வேலை தெரியும். கூரைச் சூரியத் தகடுகளில் அது உண்மையாக இருக்க வேண்டியதில்லை. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்துக்குப் பின் வீட்டுக் கூரைகளில் தகடுகள் வேகமாகப் பெருகுகின்றன. தகட்டிலிருந்து இன்வெர்ட்டர் வரை ஓடுவது நேர்மின்னோட்டம். வெயில் இருக்கும்வரை தகட்டை அணைத்துவைக்க முடியாது. மாறுமின்னோட்டத்தில் பூஜ்யத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் தீப்பொறி அணைய வாய்ப்பு உண்டு. நேர்மின்னோட்டத்தில் அந்த வாய்ப்பு இல்லாததால் தளர்ந்த கனெக்டரில் எழும் வில் தொடர்ந்து எரிகிறது. மாறுமின்னோட்டத்துக்கான எம்சிபி என்ற சுற்றுமுறிப்பானை இங்கே பொருத்துவது ஆபத்து. இருபது ஆண்டு வயரிங் செய்தவர் இந்தப் பிழையைச் செய்தால், அவருடைய அனுபவமே அவரை அங்கே கொண்டுசென்றிருக்கும். ஏனெனில் அதுவரை அவர் பொருத்திய எம்சிபிகள் எல்லாம் சரியாகவே வேலை செய்தன.

டெக்சஸ் தன் எலக்ட்ரீஷியன்களிடம் உரிமத்தைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் 4 மணி நேரத் தொடர்கல்வியைக் கேட்கிறது. மாசச்சூசெட்ஸில் மூன்றாண்டுக்கு 21 மணி நேரம். தமிழ்நாட்டு வயர்மேன் சான்றின் புதுப்பித்தலோடு ஒரு நாள் வகுப்பைச் சேர்த்து, கூரைத் தகடு, மின்வாகன சார்ஜர், ஆர்சிசிபி ஆகிய மூன்றையும் அரசு ஐ.டி.ஐ. கூடங்களில் கையால் தொட்டுப் பழகவைக்கலாம். கூடங்களும் பயிற்றுநர்களும் மாவட்டந்தோறும் ஏற்கெனவே உண்டு.